ஸ்பெயின் சாயங்காலத்தில் என் முறை

நவம்பர் 9, ஞாயிறு

என்ன டைரி, சௌக்கியமா? தீபாவளிக்கு அப்புறம் உன் பக்கமே வரவில்லை. இந்தப் புகை உனக்கும் தொண்டையைப் பிடித்திருக்கிறதா? எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல வரவில்லை.

எங்கள் ஜனக்புரி பூங்காவில் காலையில் நடக்கிற நாலு குடும்பமும் மாசம் ஒரு சனிக்கிழமை கல்யாணராமன் சார் வீட்டில் கூடிப் படம் பார்ப்போம். சார் பேங்க் ஆபீசராக இருந்தவர். நான் சர்க்கார் வண்டி ஓட்டினவன். பூங்காவில் அதெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. படம் முடிந்ததும், முறை வைத்து ஒருவர் அந்தக் கதையைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் சாப்பாடு. என் முறை வந்தால் எல்லாரும் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். தற்பெருமை இல்லை, இழுப்பார்கள்.

இந்த மாசம் என் முறை. இன்று காலை சாரின் வீட்டம்மா சுபாஷிணி சொன்னார்கள்: "இந்தத் தடவை ஸ்பெயின் படம், ஸ்பெயின் சாப்பாடு. எல்லாரும் செவப்பு போட்டுண்டு வரணும். பாஷை புரியலைன்னா கவலைப்படாதீங்கோ, கீழ இங்கிலீஷ்ல எழுத்து ஓடும்."

அந்த எழுத்துதான் எனக்கு வினை. தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், உன்னிடம் எழுதுவதும் அப்படித்தான். இந்தி பேசுவேன், படிக்க வராது. இங்கிலீஷில் வண்டி நம்பர் மட்டும் தெரியும். இது என் வீட்டுக்காரி வள்ளியம்மையைத் தவிர யாருக்கும் தெரியாது. யாராவது காகிதத்தை நீட்டினால் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பேன். நல்லவேளை, பூங்காவில் எந்த நோட்டீஸ் ஒட்டினாலும் சார் அதன் முன்னால் நின்று சத்தமாகப் படிப்பார். பேங்க் பழக்கம் போல.

நவம்பர் 11

வயிற்று வலி என்று சொல்லிவிடலாமா? வள்ளியம்மையிடம் கேட்டேன்.

"வயித்து வலின்னா கசாயத்தோட அந்தம்மாவே வந்து நிப்பாங்க. பேசாம படிக்கத் தெரியாதுன்னு சொல்லிருங்களேன்."

நான் சொன்னேன்: "இத்தன வருசம் சொல்லாதத இப்பப் போய்ச் சொன்னா? கண்ணாடி, கண்ணாடின்னு சொன்னதெல்லாம் பொய்னு ஆயிராதா? என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு நடக்கப் போவேன்?"

நவம்பர் 13

சுபாஷிணி அம்மா நம் முறுக்கு அச்சை வாங்கிக்கொண்டு போனார்கள். ஸ்பெயினில் முறுக்கு சுடுவார்களா? இந்த அச்சு தென்காசியில் வாங்கினது. வாங்கின அன்று பஸ்ஸை விட்டோம். பஸ்ஸை விட்டதால்தான் வள்ளியம்மையின் மாமாவைப் பார்த்தோம், அவர் கையில் ஒரு சேவல் — அது வேறு கதை. எனக்கு இப்போது சேவலை நினைக்கிற மனசு இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

அப்பாடா.

நேற்று சிவப்பு மப்ளரைச் சுற்றிக்கொண்டு போனேன். பட்டாளத்தில் இருந்த ஜோதிலிங்கம் சிவப்புத் துண்டைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "என்னப்பா நல்லசிவம், இன்னிக்காவது கண்ணாடி கொண்டாந்தியா?"

கொண்டுபோயிருந்தேன். அது இருந்து என்ன செய்ய?

படம் ஓட ஆரம்பித்தது. எழுத்து வரவில்லை.

"சார், எழுத்தக் காணோமே?" என்றார் ஜோதிலிங்கம்.

சார் ரிமோட்டை இப்படியும் அப்படியும் அமுக்கினார். "வரமாட்டேங்கறது ஓய். பென் டிரைவ்ல ஏதோ கோளாறு. மூஞ்சியப் பாத்துப் புரிஞ்சுக்கோங்கோ."

எனக்கு இறங்கின மூச்சை எப்படி எழுதுவேன். இனி எல்லாரும் என் மாதிரிதானே.

ஒரு மலையூர். ஒரு கிழவி, அவளிடம் ஒரு கோவேறு கழுதை. பட்டணத்திலிருந்து ஒருவன் பையோடு வந்து இறங்குகிறான். படம் முடிந்ததும் சொன்னேன்: அவன் சின்ன வயதில் ஓடிப்போன இளைய மகன். பெற்றவளுக்கு அடையாளம் தெரியவில்லை, கழுதைக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலிகள் கிட்டே வந்தன. ஜோதிலிங்கம் துண்டை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்தார். கேட்டால் புகை என்றார்.

அப்புறம் சாப்பாடு. தக்காளியில் ஒரு சூப்பு, சுட வைக்க மறந்த ரசம் போல. "அது அப்படித்தான் குடிக்கணும்" என்றார்கள் சுபாஷிணி அம்மா. குங்குமப்பூ போட்ட சோறு. முட்டைக்குப் பதில் கடலை மாவு போட்டு ஒரு உருளைக்கிழங்கு அடை. கடைசியில் நம் அச்சில் பிழிந்த மாவுக் குச்சி, சாக்லேட்டில் முக்கி. எத்தனை தின்றேன் என்று வள்ளியம்மைக்குத் தெரியும்.

நவம்பர் 18

காலையில் பூங்காவில் சுபாஷிணி அம்மா பிடித்துக்கொண்டார்கள். "நேத்திக்கு அந்தப் படத்தைத் திருப்பிப் போட்டுப் பாத்தேன். அவன் பிள்ளையே இல்லை. கழுதைக்கு வைத்தியம் பாக்க வந்த டாக்டராம்."

ஜோதிலிங்கம், "அந்த டாக்டருக்காகவா நான் அழுதேன்?" என்றார். எனக்கே சிரிப்புத் தாங்கவில்லை.

"எழுத்து வந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"ஜோரா வந்ததே. அதே பென் டிரைவ், அதே டிவி."

நான் சாரைப் பார்த்தேன். சார் அங்கே இல்லை. கேட் பக்கம் போய், நாயை அவிழ்த்துவிடக் கூடாது என்கிற நோட்டீஸைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். அதை முந்தா நாளே படித்துவிட்டார்.

நவம்பர் 19

ராத்திரி யோசித்துப் பார்த்தேன். சார் தனியாகப் பால் வாங்கப் போகிறபோது எந்த நோட்டீஸ் முன்னாலும் நின்று படித்து நான் பார்த்ததில்லை.

வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. சுமந்த மூட்டையை யாரோ முன்னாலேயே ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்த மாதிரி இருக்கிறது. இன்று அந்த கேட் பக்கம் போகும்போது சாருக்கு முந்தி நானே நின்று, "இதுல என்ன போட்டிருக்கு சார், எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது" என்று கேட்டுவிடலாமென்று — வள்ளியம்மை கூப்பிடுகிறாள். "ஏங்க, சார் கீழ வந்து நிக்காங்க." கண்ணாடியை மேஜையிலேயே வைத்துவிட்டுக் கிளம்புகிறேன்.