மூன்றாவது கட்டில்

அன்புள்ள மருமகளுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன் வீட்டிலும் நீ போய்வரும் வழியிலும் இருக்கட்டும். நாங்கள் இருவரும் நடக்கிற அளவுக்கு நலம். உன் சளி விட்டதா? மருந்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே மருந்து சாப்பிட மறக்கிறவள் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

போனில் பேசியிருக்கலாம். பேச ஆரம்பித்தால் நீயும் அழுவாய், நானும் அழுவேன், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தான் விடுதிக் காப்பாளரிடம் தாள் கேட்டு வாங்கி எழுதுகிறேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறார். முடித்ததும் படித்துக் காட்டு என்று மட்டும் சொன்னார்.

திருத்தலத்துக்கு நடக்கிற இந்த நடை எனக்குப் பெரிய விஷயமில்லை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இத்தனை வருஷம் நின்ற கால், நடக்கச் சொன்னால் சந்தோஷப்படுகிறது. மாமாவுக்குத்தான் கஷ்டம். கடைசல் பட்டறையில் உட்கார்ந்தே கட்டில் காலும் நாற்காலிக் காலும் கடைந்தவர். ஆனாலும் பத்தடி முன்னால்தான் போவார். கல்யாணமான புதிதில் சினிமாவுக்குப் போகும்போதும் இப்படித்தான். பார்க்கிறவர்கள் என்னை யாரோ வழிதவறி வந்தவள் என்று நினைத்திருப்பார்கள். இங்கே வழிநெடுகக் கல்லில் சிலுவை வரைந்து வைத்திருக்கிறார்கள். அப்படியும் தப்பான பாதையில் கூட்டிப்போய்த் திரும்ப நடக்க வைத்தார். யாரிடமாவது வழி கேட்டால் தலையில் இருக்கிற கிரீடம் இறங்கிவிடும் அவருக்கு.

அவர் செபமாலை சொல்லிக்கொண்டே நடக்கிறார். நான் மணியை உருட்டுகிறேன், அவ்வளவுதான். எனக்கும் கடவுளுக்கும் பேச்சுவார்த்தை நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உன்னிடம் இதைச் சொல்லலாம். சாமியாரிடம் சொன்னால் அதையே ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமாக்கிவிடுவார்.

நம் நெட்டையன் மூளைக் காய்ச்சலில் கிடந்தபோது மாமா நேர்ந்துகொண்டது உனக்குத் தெரியும். என்ன வார்த்தை சொல்லி நேர்ந்தார் என்பது தெரியாது. நீ அப்போது ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு மாடிக்கும் கீழுக்கும் ஓடிக்கொண்டிருந்தாய். ஆஸ்பத்திரிச் சிற்றாலயத்தில் முழங்கால் போட்டு, “என் பிள்ளை எழுந்திரிச்சா நாங்க மூணு பேரும் உன் வாசலுக்கு நடந்தே வர்றோம் தாயே” என்றார். உன்னை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டேன். வேலைக்குப் போகிற பிள்ளை, அதை எதற்கு இழுத்தடிக்க வேண்டும் என்றார். அவன் எழுந்தான். சாப்பிட்டான். வேலைக்குப் போனான். காய்ச்சல் விட்டுவைத்தவனை லாரி கொண்டுபோனது.

பிள்ளையே போன பிறகு நேர்ச்சை என்ன நேர்ச்சை என்று நான் போட்ட சண்டை கொஞ்சமில்லை. கேட்டதைக் கொடுத்தாச்சு, பிறகு நடந்தது வேறு என்றார் மாமா. உனக்குத்தான் அவரைத் தெரியுமே. அரை நூல் பிசகினாலும் பொருந்தாது என்று கடைந்த காலைத் தூக்கி அடுப்பில் போடுகிற ஆள். சொன்ன சொல்லுக்கும் அதே அளவுகோல்தான். தனியாக அனுப்ப மனம் வராமல்தான் நானும் கிளம்பினேன்.

கிளம்புகிற வாரம் நீ போனில் கேட்டாய். உங்கள் கடைக்குச் சரக்கு கொண்டுவருகிறவர் உன்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார், உன் அப்பாவுக்குச் சம்மதம், ஆனால் மாமாவும் அத்தையும் வாய் நிறையச் சரி என்றால்தான் நீ சரி என்பாய் என்று சொன்னாய். மாமா, “நடந்து முடிச்சிட்டு வந்து பேசலாம்மா” என்று போனை என்னிடம் தள்ளிவிட்டார். நான் உன் சளியைப் பற்றியும் எங்கள் ஊர் மழையைப் பற்றியும் பேசி வைத்துவிட்டேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு வலித்தது. நீ கேட்டது தப்பென்று இல்லை. நீயும் போய்விட்டால் அவன் இருந்தான் என்று எங்களோடு சேர்ந்து சொல்ல யார் இருக்கிறார்கள் என்று வலித்தது.

முதல் நாள் விடுதியில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். மாமா, “மூணு பேர்” என்றார். வாய் தவறிவிட்டது என்று நினைத்துப் பின்னாலிருந்து முழங்கையால் இடித்தேன். அவர் திரும்பவே இல்லை. மூன்று கட்டில் கொடுத்தார்கள். மாமா மூன்றையும் சுற்றிப் பார்த்து, கால்மாட்டில் பலகை இல்லாத கட்டிலில் தன் பையை வைத்தார். எதற்கென்று எனக்குப் புரிந்தது. பலகை இருந்தால் நெட்டையனுக்குக் கால் இடிக்கும். உங்கள் கல்யாணக் கட்டிலை அவர் ஒரு சாண் நீளம் கூட்டிச் செய்தது அதற்குத்தானே.

அதற்குப் பிறகு எந்த விடுதிக்குப் போனாலும் மூன்று பேர்தான். நான் இடிப்பதை விட்டுவிட்டேன். காலையில் கிளம்பும்போது, யாரும் படுக்காத அந்த விரிப்பையும் எடுத்து மடித்து அழுக்குக் கூடையில் போடுவேன். கட்டிலில் விரித்துவிட்டால், ஆள் படுத்தாலும் படுக்காவிட்டாலும் சலவைக்குப் போக வேண்டும் என்பது எங்கள் கூடத்துச் சட்டம். கை பழகிய வேலை. ஆனால் கசங்காத விரிப்பை மடிப்பது இவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்கு இங்கே வந்துதான் தெரிந்தது.

நேற்று நல்ல மழை. விடுதி நிரம்பிவிட்டது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஒரு ரொட்டிக்கடைக்காரர் தொப்பலாக நனைந்து வந்து நின்றார். தனியாக நடக்கிறார், கொஞ்சம் பருத்த ஆள். இடமில்லை, அடுத்த விடுதிக்குத்தான் போக வேண்டும் என்று காப்பாளர் சங்கடத்தோடு சொன்னார். அந்த மனிதர் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டக் குனிந்தார். குதிகாலில் தோல் உரிந்து சிவந்திருந்தது. என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது. “நாங்க ரெண்டு பேர்தான். அந்தக் கட்டில் சும்மாதான் கிடக்கு” என்றேன்.

சும்மா கிடக்கு என்ற சொல்லை மாமாவால் தாங்க முடியவில்லை. முகம் செத்துவிட்டது. தன் பையை எடுத்துத் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ரொட்டிக்கடைக்காரர் அரவை மில் மாதிரி குறட்டை விட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் தூக்கமில்லை. குறட்டைதான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்று காலை அவர் கும்பிட்டு நன்றி சொல்லிவிட்டுப் போன பிறகு, வழக்கம்போல் அந்த விரிப்பை எடுக்கப் போனேன். கசங்கிக் கிடந்தது. நடுவில் ஆள் படுத்த பள்ளம். கையை வைத்தேன், இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அடக்கம் செய்த அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை. நிமிர்ந்தபோது மாமா கதவருகில் நின்றுகொண்டிருந்தார்.

பிறகு கிளம்பினோம். பகல் முழுக்க அவர் பத்தடி முன்னால் போகவில்லை. என் பக்கத்திலேயே நடந்தார்.

சாயந்திரம் இங்கே வந்து சேர்ந்தோம். எத்தனை பேர் என்று கேட்டார்கள். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். மேசையில் இருந்தவர் மறுபடி கேட்டார். “ரெண்டு” என்றார் மாமா. அதைச் சொல்லிவிட்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார். நானும் போய் உட்கார்ந்தேன். “நான் மூணு மூணுன்னே சொல்லிட்டிருந்தா அந்தப் பொண்ணு அங்க ஒத்தையாவே நிக்கும். அவளுக்கு எழுது” என்றார். நான் எழுந்துபோய்க் காப்பாளரிடம் தாள் கேட்டேன்.

ஆகையால் மகளே, சரி. வாய் நிறையச் சொல்கிறோம், சரி. அவனை மறந்துவிட்டுப் போ என்று சொல்லவில்லை. அவனை நினைத்துக்கொண்டிருக்க நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம், அந்தச் சுமையை நீ தனியாகத் தூக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். நாளை மத்தியானத்துக்குள் திருத்தலம் போய்ச் சேர்ந்துவிடுவோமாம். அங்கே மெழுகுவர்த்தி ஏற்றும்போது கடவுளிடம் உன் பெயரைச் சொல்லப் போகிறேன். பேச்சு நின்ற பிறகு நான் அவரிடம் பேசுகிற முதல் வார்த்தை அதுவாக இருக்கட்டும்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கல்யாணத்தன்று கோயிலில் பெண் வீட்டார் உட்காரும் பக்கத்தில் எங்களுக்கும் இடம் போட்டு வை. இரண்டு பேர்.

நீ படுக்கும் இடம் குளிராமலும், எழுந்திருக்கும் காலை கனக்காமலும் ஆண்டவர் உன்னைக் காக்கட்டும்.

எப்போதும் உன்
அத்தை

பி.கு.: மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். எதையும் மாற்றச் சொல்லவில்லை. மாப்பிள்ளை என்ன உயரம் என்று மட்டும் கேட்டு எழுதச் சொன்னார். வீட்டுக்குப் போனதும் கட்டிலுக்கு மரம் பார்க்க வேண்டுமாம்.