பிடியை விட்டவர் யார்

சனி இரவு, லின்ஃபீல்ட்

ரக்பியில் நியூசிலாந்து தோற்றுவிட்டது. தோளோடு தோள் முட்டித் தள்ளும் கடைசி ஸ்க்ரமில் எங்கள் ஆட்டக்காரர் சரிந்தார். நடுவர் எதிரணிக்குப் பெனால்டி கொடுத்தார். டிவியில் மேட்ச் பார்க்க வீட்டுக்கு வந்த சிவா அண்ணையும் நானும் நடுவரைத் திட்டித் தீர்த்தோம்.

மகள் ஆரணி பள்ளிக்கூட அணியில் ஸ்க்ரம் தள்ளுகிறவள். எங்களுக்காகத் தமிழில் சொன்னாள்: "ரெஃபரி சரி. எங்கட ஆள்தான் பிடியை விட்டவர்."

"உமக்கென்ன பிள்ளை தெரியும்?" என்றார் அண்ணை.

அவரைக் குனிந்து தன் தோளைப் பிடிக்கச் சொன்னாள். தள்ளினாள். "இப்ப கையை விடுங்கோ மாமா."

விட்டார். கார்ப்பெட்டில் முழங்கால் குத்தி விழுந்தார். அங்கிருந்தே, "ஓம், பிழை எங்கட ஆளிலதான்," என்றார்.

சிரிப்பையும் பெருமையையும் மறைக்க நான் தேத்தண்ணி போடப் போனேன்.

அடுத்த சீசனில் விளையாட அவள் தந்த சம்மதப் படிவத்தை, அடிபடுவாளோ என்ற பயத்தில் ஒரு மாதமாக ஒளித்து வைத்திருந்தேன். இதை எழுதும் பேனையாலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.