ஓடிப்போனவர் என்று எழுதிய பக்கம்

ஜூன் 4

காலையிலிருந்து மூன்றாம் பதிப்பின் மெய்ப்பு. கண் பூத்துப் போனது. பதிப்பாளர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். "அச்சகத்துல ஆள் காத்துக்கிட்டிருக்கான், நீ இன்னும் கமாவைத் தேடிக்கிட்டிருக்கியாப்பா?" புத்தகம் ஓடுகிறது என்று மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான், மறைப்பானேன்?

நூற்றிருபது வருடத்துக்கு முன் ஒரு துரை காட்டை அளக்கப் படகேறிப் போன நதி அது. அவருடைய நாட்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அதே வழியில் நானும் போய்வந்து எழுதினேன். எல்லோரும் பாராட்டுவது மூன்றாம் அத்தியாயத்தைத்தான். சுமைகூலிகள் பதினோரு பேரைப் பற்றித் துரை ஆளுக்கு ஒற்றைச் சொல்தான் எழுதியிருப்பார்: 'ஓடிப்போனான்.' நாலு பக்கமும் சேறும் வெள்ளமும். எங்கே ஓடுவது? காய்ச்சலில் கிடந்தவர்களைக் கரையில் போட்டுவிட்டுப் போய், அப்படி எழுதி வைத்தார் என்று தேதி வாரியாக நிரூபித்துக் காட்டினேன். துரையைக் கிழித்துத் தொங்கவிட்டேன்.

214-ஆம் பக்கத்தை மட்டும் படிக்காமல் திருப்பினேன். அதில் பிழை இருக்காது.

ஜூன் 11

பதிப்பகம் வழியாக ஒரு கடிதம். என்னைக் கூட்டிப்போன படகுக்காரரின் மகள் எழுதியிருக்கிறாள். ரூல் போட்ட தாளில் இரண்டு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல்.

'அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. உங்கள் புத்தகத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். மூன்றாம் அத்தியாயத்தில் அப்பா அழுதுவிட்டார். 214-ஆம் பக்கத்தில், படகுக்காரர் உங்களைக் காட்டில் விட்டுவிட்டு ஓடிப்போனார் என்று வந்ததும் அப்பா சொன்னார்: "பாவம் சார். எனக்கப்புறம் வேற ஆளை வெச்சிருக்காரு போல. அந்தப் படுபாவி ஓடிட்டான் பாரு."'

தன்னைத்தான் எழுதியிருக்கிறேன் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை.

மீதிக் கடிதம் விஷயத்துக்கு வருகிறது. நதிப் போக்குவரத்து அலுவலகத்தில் யாரோ என் புத்தகத்தைப் படித்திருக்கிறார்கள். பயணியைக் காட்டில் விட்டு ஓடியவருக்குப் படகோட்டும் உரிமத்தைப் புதுப்பிக்க முடியாதாம். 'ஆகஸ்ட் முடிவதற்குள் நீங்கள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் ஐயா. அப்பாவுக்கு வேறு தொழில் தெரியாது.'

ஒரு வரி.

ஜூன் 12

எழுதவில்லை.

ஜூன் 15

"என்னங்க அது, நாலு நாளா சட்டைப்பையிலயே வெச்சுக்கிட்டுத் திரியறீங்க?" என்றாள் மனைவி. வாசகர் கடிதம் என்றேன். பொய்யும் இல்லைதான். சே.

இங்கேயாவது எழுதுகிறேன். இதை வேறு யார் படிக்கப்போகிறார்கள்?

ஒன்பதாம் நாள் அவர் திரும்பிவிடலாம் என்றார். "தண்ணி நிறம் மாறுது சார், மேல மழை. வேணாம்." துரையின் கடைசி முகாமுக்கு இன்னும் இரண்டு நாள். அதற்குமேல் போக எனக்கு அனுமதிச் சீட்டும் கிடையாது. "ரெண்டு நாள்தானே, என்ன வந்துடப்போகுது?" என்றேன். என் வாய்! பதினொன்றாம் நாள் முகாமைப் பார்த்தோம், நாலு செங்கல் சுவர். அன்றைக்கே அவருக்குக் காய்ச்சல். உடம்பு அனலாகக் கொதித்தது. முகாமின் பழைய கிடங்குக்குள் படுக்க வைத்தேன். மறுநாள் மத்தியானம் மரம் ஏற்றிய படகு ஒன்று கீழே போனது. ஒரு ஆளுக்குத்தான் இடம் என்றார்கள். ஒரு ஆள்னா யாரு போகணும்? படுத்துக் கிடந்தவர்தானே போகணும்? நான் ஏறிட்டேன். "போய்ச் சொல்லி ஆள் அனுப்புங்க சார்"னு அவரே சொன்னார். சிரிச்சுக்கிட்டே சொன்னார்.

அன்று இரவே கீழே முதல் ஊருக்கு வந்தேன். சொன்னால் அனுமதியில்லாமல் போனது தெரிந்துவிடும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று விடுதி அறையில் உட்கார்ந்திருந்தேன். சும்மாவும் இல்லை. எழுதிக்கொண்டிருந்தேன். காட்டில் தனியாக விடப்பட்ட மனிதனின் மனம் எப்படி இருளும் என்று. நன்றாக வந்தது. எல்லோரும் மேற்கோள் காட்டும் பத்தி அதுதான்.

அவர் அங்கே கிடக்க, அந்தத் தனிமையைக்கூட நான் எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 19

அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன். 'எங்களுக்குள் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் வழியில் பிரிந்தோம். அவர் மீது எனக்குப் புகார் ஏதுமில்லை.' கௌரவமான வாசகம். இரண்டு பேருக்கும் நஷ்டமில்லை.

நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 8

மகளிடமிருந்து மறு கடிதம். இந்த முறை ஐந்தாறு வரிதான். 'உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டு, சண்டை போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று அலுவலகத்தில் முடிவே செய்துவிட்டார்கள். அப்பா நினைவில்லாமல் கிடந்தார் ஐயா. நினைவில்லாதவருக்கு என்ன கருத்து, என்ன வேறுபாடு?'

ஐயா என்றுதான் இன்னும் எழுதுகிறாள்.

ஜூலை 9

சட்டையைத் துவைக்கப் போட்ட மனைவி இரண்டு கடிதத்தையும் படித்துவிட்டாள். கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை. ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இருபது வருஷம் வேலை பார்ப்பவள், எதையும் பதறாமல்தான் கேட்பாள்.

"அந்த ஊர்ல இருந்து கிளம்பறப்போ போன் பண்ணி படகுக்காரருக்குக் காய்ச்சல்னு சொன்னீங்க. உங்க புத்தகத்தை நான் தட்டச்சு பண்றப்போ ஓடிப்போனார்னு இருந்தது. நான் வேற ஆளுன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவளும் வேறு ஆள் என்று நினைத்திருக்கிறாள். என்னை நல்லவன் என்று நம்புவதற்காக, இல்லாத ஒரு படகுக்காரரை ஆளாளுக்கு உண்டாக்கியிருக்கிறார்கள்.

"நீங்க எழுதுறீங்களா, நான் எழுதட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூலை 12

பதிப்பாளர் அறை. மேசை முழுக்க அட்டைப்பட மாதிரிகள். 214-ஆம் பக்கம் பொய் என்றேன். "எந்தப் புத்தகத்துலப்பா எல்லாம் நிஜம்? இது இலக்கியம், போலீஸ் அறிக்கையில்ல" என்றார். முழுவதும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மூணாம் அத்தியாயத்தை எழுதின அதே கையாய்யா இது?"

பதினைந்து வருடப் பழக்கத்தில் முதல் தடவையாக என்னை 'ய்யா' போட்டுப் பேசுகிறார். பேசட்டும். வாசலுக்கு வந்து, அச்சை நிறுத்தச் சொல்கிறேன், புதுப் பக்கம் கொடு என்றார்.

ஜூலை 14

எழுதிவிட்டேன். அலுவலகத்துக்கு ஒன்று, புத்தகத்துக்கு ஒன்று, இரண்டிலும் ஒரே வாசகம். 'அவர் ஓடவில்லை. நோயில் கிடந்தவரை விட்டுவிட்டு வந்தவன் நான். என்மேல் தவறு வரும் என்று பயந்து, மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். துரையைப் பற்றி நான் எழுதியதெல்லாம் எனக்கும் பொருந்தும்.'

மனைவி படித்தாள். காபி கொண்டுவந்து வைத்தாள்.

ஆகஸ்ட் 5

உரிமம் புதுப்பித்துவிட்டார்களாம். மகள் போன் செய்தாள். அனுமதியில்லாமல் போனதற்கு விளக்கம் கேட்டு எனக்கும் ஒரு கடிதம் வந்திருக்கிறது. வரட்டும். பெருமூச்சு விட்டேன், உண்மையாகவே இலேசாக இருந்தது.

ஆகஸ்ட் 20

அவர் வீட்டுக்குப் போனேன். படகுத்துறைக்குப் பின்னால் ஒடுக்கமான தெரு, தகரக் கூரை. வாசலில் பழைய படகு ஒன்றின் பலகை இடுக்கில் தண்ணீர் புகாமலிருக்கக் கயிற்றுத் திரியை வைத்து அடித்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். "வாங்க சார், வாங்க" என்று எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். ஒரு வசவாவது விழும் என்று தயாராகப் போயிருந்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

புதுப் பக்கத்தின் மெய்ப்பை நானே வாசித்துக் காட்டினேன். மகள் கதவில் சாய்ந்து நின்றாள். இடையில் கொஞ்சம் அழுததையும் ஒத்துக்கொள்கிறேன். முடித்ததும் அவர் என்னைத் தேற்றுகிற மாதிரி தலையாட்டினார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க சார். ஒண்ணே ஒண்ணு. மூணு நாள் இல்ல, நாலு."

"நாலா?"

"நாலாவது நாள்தான சார் தண்ணி ஏறிச்சு. கிடங்கு வாசல்ல கட்டியிருந்த படகு போச்சே. அன்னிக்குச் சாயங்காலம்தான் நீங்க அனுப்பின ஆளுங்க விசைப்படகுல வந்தாங்க, நாள் கணக்கு அவங்க சொன்னதுதான்." சுத்தியலால் வாசல் படகைத் தட்டினார். "இது மச்சானோடது. வாடகைக்கு."

படகு போனது எனக்குத் தெரியாது. கேட்டதேயில்லை.

வீட்டுக்கு வந்ததும் பயணத்தின்போது வைத்திருந்த குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். விடுதிக்கு வந்தது வெள்ளி. மரப்படகு ஆட்களிடம் சொல்லி அனுப்பியது செவ்வாய். என் கையெழுத்துதான். ஜூலை 14 அன்று இந்தக் குறிப்பேடு மேசைமேல்தான் இருந்தது. பிரிக்கவில்லை. மறந்துபோய் மூன்று என்று எழுதினேனா? மன்னிப்புக் கேட்கிற பக்கத்தில்கூட ஒரு நாளைத் தள்ளுபடி செய்துகொண்டேனா?

பதிப்பாளருக்குப் போன் செய்தேன். "இன்னும் என்னப்பா?" என்றார்.

"ஒரு திருத்தம். மூன்று இல்லை, நான்கு. அதுக்குக் கீழ இன்னொரு வரியும் சேர்க்கணும். எழுதிக்குங்க, நான்காம் நாள் அவருடைய படகு போய்விட்டது."