அத்தைக்கு நான் போட்ட மார்க்

ஜூன் 1, சனி

மாட்டிக்கொண்டேன். ஏழு வருடக் கல்யாண வாழ்க்கையில் ஹெட்போன் போட்டு, கதவைச் சாத்தி, திருட்டுத்தனமாகப் பார்த்துவந்த படங்கள். மாமியார் வந்து மூன்று வாரம் ஆகவில்லை, கையும் களவுமாகப் பிடிபட்டேன்.

இன்றைக்கு ராட்சத நத்தைப் படம். நத்தையால் யாரையும் துரத்திப் பிடிக்க முடியாது அல்லவா? அதனால் ஊரில் ஒவ்வொருவரும் ஓடும்போது தடுக்கி விழுந்து, எழுந்திருக்காமல், அது வந்து சேரும்வரை நாலு நிமிடம் கத்திக்கொண்டே கிடப்பார்கள். எனக்கு இந்த மாதிரிப் படமென்றால் உயிர். பின்னால் ஏதோ நிழல் தட்டியது. திரும்பினால் அத்தை, கையில் டீயோடு. எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"எந்திரிச்சு நடந்தாலே தப்பிச்சிரலாமே மாப்பிள்ளை" என்றார்.

"நடந்துட்டா படம் முடிஞ்சிருமே அத்தை."

அதில் இருந்த நியாயம் அவருக்குப் பிடித்துவிட்டது போல. டீயை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர் கடைசிவரை எழுந்திருக்கவில்லை.

அத்தை இருபத்தெட்டு வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சர். மாமா போய் ஒரு வருடம் ஆகிறது. மூன்றாவது மாடி ஏற முழங்கால் மறுத்ததால் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு எங்களிடம் வந்திருக்கிறார், ஆகஸ்ட் வரைக்கும். அப்புறம் இங்கேயா, மச்சான் வீட்டிலா என்று அண்ணனும் தங்கையும் உட்கார்ந்து முடிவு செய்வார்களாம். அத்தையைக் கேட்டால் "எங்கயாவது ஒரு கட்டில் போட்டாப் போதும்" என்று முடித்துவிடுகிறார்.

அவரைத் தனியாக விடக் கூடாது என்பது மச்சான் போட்ட நிபந்தனை. அதற்காகவே எக்ஸ்ரே அறையில் காலை ஷிஃப்ட் வாங்கி, ஒன்றரை மணிக்கெல்லாம் வீட்டில் இருக்கிறேன். நான் வந்த பிறகுதான் மனைவி மருந்துக்கடைக்குக் கிளம்புவாள். சனிக்கிழமை எனக்கு லீவு, அவளுக்கு இல்லை.

ஜூன் 4, செவ்வாய்

அடுப்படியிலிருந்து அத்தை குரல்: "அந்த நத்தை ஆணா பொண்ணா மாப்பிள்ளை?" தெரியவில்லை. படம் எடுத்தவருக்கே தெரிந்திருக்காது.

ஜூன் 8, சனி

இரண்டு மணிக்கு அத்தையே ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, "இன்னைக்கு யாரு சாகுறா?" என்றார்.

கராத்தே படம் போட்டேன். சிமெண்டு ஆலையில் ஒரே ஆள் நாற்பது பேரை அடிக்கிறான். பாதியில் அத்தை நிறுத்தச் சொன்னார். "அந்தப் பச்சைச் சட்டைக்காரனைப் பாருங்க. மூணாவது தடவை சாகுறான்." ரிமோட்டால் பின்னால் ஓட்டிப் பார்த்தோம். உண்மைதான்! முதலில் பச்சைச் சட்டையில் குழியில் விழுகிறான். அப்புறம் வெள்ளைச் சட்டை போட்டு வந்து படியில் உருள்கிறான். கடைசியில் தொப்பியோடு வந்து லாரியில் அடிபடுகிறான். இருபது வருடத்தில் இந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். என் கண்ணில் படவே இல்லை.

"ஹீரோ தண்டம். இவன்தான் வேலைக்காரன். ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி விழுறான் பாருங்க" என்றார் அத்தை.

வில்லன் நெஞ்சில் கத்தியோடு ஒரு பக்க வசனம் பேசியபோதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "குத்துப்பட்டவன் இவ்வளவு பேச மாட்டான் மாப்பிள்ளை. எத்தனை பிரேதப் பரிசோதனை அறிக்கை அடிச்சிருக்கேன்!" நானும் விடவில்லை, உதைபட்ட இடத்துக்கும் உடைந்த எலும்புக்கும் சம்பந்தமே இல்லை என்று விளக்கினேன். இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் படத்தைப் பிரித்து மேய்ந்துவிட்டோம்.

சிரித்துச் சிரித்து அத்தைக்கு விக்கல் வந்துவிட்டது.

ஜூன் 15, சனி

எப்படி ஆரம்பித்தது என்று எழுதி வைக்கிறேன், பின்னால் யாரும் நம்ப மாட்டார்கள். படம் முடிந்ததும் பச்சைச் சட்டைக்காரன் மாதிரி நான் சோபாவிலிருந்து உருண்டு செத்துக் காட்டினேன். அத்தை மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பத்துக்கு நாலு போட்டார். "சாகப்போறேன்னு மூஞ்சியிலயே தெரியுது." பிறகு அவர் நாற்காலியிலிருந்தபடியே தலை சாய்ந்து, கை தொங்கி, ஒரு சத்தமும் இல்லாமல் போனார். எனக்கு உண்மையிலேயே திக்கென்றது. ஒன்பது கொடுத்தேன்.

உடனே விதிமுறை வந்துவிட்டது. நீதிமன்றத்தில் இருந்தவர் அல்லவா! வசனம் பேசினால் இரண்டு மார்க் கட். சொல்லிவிட்டுச் செத்தால் ஒரு மார்க் கட். எதிர்பாராத நேரத்தில் செத்தால் ஒரு மார்க் அதிகம்.

சாயங்காலம் மனைவி சீக்கிரம் வந்துவிட்டாள். ஹாலில் இரண்டு பிணம். "ரெண்டு பேருக்கும் கழண்டு போச்சா?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். ஆனால் குளியலறையிலிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அம்மா சிரித்து அவளும் ஒரு வருடமாகப் பார்க்கவில்லை.

ஜூன் 19, புதன்

மச்சான் போன். அவர் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சேதம் மதிப்பிடுபவர். எரிந்த கடையோ மோதிய லாரியோ, போய் நின்று "இது எப்படி நடந்தது?" என்று கேட்பதுதான் தொழில். கீழ்த்தளத்தில் அறை தயாராம். உள்ளேயே குளியலறை, கைப்பிடிகூடப் பொருத்திவிட்டாராம். அவர் மனைவி நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பாராம்.

எல்லாம் நியாயம். நியாயமாக இருப்பதுதான் எரிச்சலாக இருக்கிறது. பெற்ற மகன். நான் யார், மாப்பிள்ளை. எந்த மாப்பிள்ளை போய் "உங்க அம்மாவை எனக்கே விட்டுடுங்க" என்று கேட்டிருக்கிறான்?

ஆனால் எனக்கு அத்தை இங்கேயே இருக்க வேண்டும். எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

ஜூன் 22, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அத்தை ஜன்னல் திரையை விலக்க எழுந்தார். கீழே நான் போட்டு வைத்திருந்த டிஸ்க் உறை. அதில் கால் வைத்து வழுக்கி, "ஆ"வென்று கத்தி, கை அடியில் மாட்ட, குப்புற விழுந்தார். நான் என்ன செய்தேன்?

கை தட்டினேன்.

"எட்டு!" என்றேன். "கத்தினது மட்டும் கொஞ்சம் ஓவர், அதனால ஏழு."

"மாப்பிள்ளை... இது நெசம்."

"வசனம் பேசுனா ரெண்டு மார்க் கட்டுன்னு நீங்கதான சொன்னீங்க?"

இதைச் சொன்னது நான்தான். என் வாய்தான். தினம் முப்பது பேருடைய எலும்பைப் படம் எடுக்கிறவன், இரண்டடி தள்ளிச் சோபாவில் சாய்ந்துகொண்டு, ஒரு மனுஷி வலியில் துடிக்கிறதை ரசிச்சுப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். எவ்வளவு நேரம்? ஒரு நிமிஷமா, ரெண்டா? மூன்றாவது தடவை "கை... கை" என்றபோதுதான் மணிக்கட்டைப் பார்த்தேன். கவிழ்த்து வைத்த முள்கரண்டி மாதிரி வளைந்திருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், என் மெஷினிலேயே, என் கையாலேயே படம் எடுத்தேன். முறிவு. வலது கை. ஆறு வாரம் மாவுக்கட்டு.

மனைவி மருந்துக்கடைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்: "மாப்பிள்ளை பால் வாங்கப் போயிருந்தார். நான்தான் தனியா எந்திரிச்சுத் தொலைச்சேன்."

நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த நேரத்தில் அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது! அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

ஜூன் 23, ஞாயிறு

மச்சான் போனில் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தனியா விட மாட்டோம்னுதான மாப்பிள்ளை ஷிஃப்ட் எல்லாம் மாத்துனீங்க? ஒரு பால் பாக்கெட்டுக்காக விட்டுட்டுப் போயிருக்கீங்க. ஆகஸ்ட் வரைக்கும் எல்லாம் வேணாம். அடுத்த ஞாயித்துக்கிழமை காரோட வரேன்."

என்னைக் காப்பாற்ற அத்தை சொன்ன பொய், அத்தையையே இங்கிருந்து கிளப்புகிறது.

ஜூன் 26, புதன்

மத்தியானம் சோறு பிசைந்து கொடுத்தேன். இடது கையால் ஸ்பூன் பிடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறார்.

"உண்மையைச் சொல்லிடறேன் அத்தை."

"வேணாம். வாக்குமூலத்தை மாத்துனா ரெண்டையும் நம்ப மாட்டாங்க. நான் பாக்காத கேஸா?"

"அப்ப நீங்க போயிருவீங்களே?"

ஸ்பூனைக் கீழே வைத்தார். "போனா என்ன. எம் பையன் தங்கமானவன். நல்லாப் பாத்துக்குவான்." மறுபடி அதை எடுத்துக்கொண்டு, "நெசத்தைச் சொன்னா உங்க மேல இருக்கிற மரியாதை போயிரும் மாப்பிள்ளை. அது எனக்கு வேணாம்" என்றார்.

உங்களுக்கு எங்கே இருக்க ஆசை என்று கேட்டேன். சோறு காரமாக இருக்கிறது என்றார். காரமே இல்லை.

ஜூன் 30, ஞாயிறு

மச்சான் பத்து மணிக்கு வந்தார். அத்தையின் துணிகளை மனைவி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள், கண் சிவந்திருந்தது. மச்சான் வழக்கம்போல இடத்தைப் பார்த்தார். எங்கே விழுந்தாங்க, எதில் வழுக்குச்சு, எத்தனை நேரம் கழிச்சு மாப்பிள்ளை வந்தார்?

"நான் எங்கயும் போகல மச்சான்" என்றேன்.

"மாப்பிள்ளை!" என்றார் அத்தை. அதட்டல்.

நிறுத்தினால் மறுபடி வராது என்று தெரியும். ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். "இந்த சோபாலதான் இருந்தேன். கண்ட கண்ட படம் பாத்துட்டுச் செத்து செத்து விளையாடுவோம். அத்தை நடிக்கறாங்கன்னு நினைச்சேன். கை உடைஞ்சு கெடக்காங்க, நான் மார்க் போட்டுட்டு இருந்தேன்."

மனைவி கையில் இருந்த புடவை அப்படியே நின்றது. "மார்க்கா?"

"பத்துக்கு ஏழு."

"முதல்ல எட்டுன்னுதான சொன்னீங்க!" என்றார் அத்தை.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. இருபத்தெட்டு வருட அனுபவம், ஒரே ஒரு மார்க்கில் கவிழ்ந்துவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. மச்சானின் முகம் கறுத்துவிட்டது. "அறுபத்தெட்டு வயசும்மா உங்களுக்கு. இது விளையாட்டா? இந்த வீட்டுல உங்களைப் பாத்துக்கற லட்சணம் இதுதானா?" அவர் கேட்டதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அத்தை மாவுக்கட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"உன் வீட்டுல என்னை நாற்காலியில உக்கார வெச்சு, அசையாமப் பாத்துக்குவேடா. தெரியும். உங்க அப்பா போனதுலேருந்து எல்லாரும் அப்படித்தான் பாத்துக்கறீங்க, கண்ணாடிச் சாமான் மாதிரி. இங்க என்னை விழ விடறாங்க. எனக்கு இங்க இருக்கணும்."

முதல் தடவையாக "இருக்கணும்" என்று சொன்னார். மச்சான் கார் சாவியை எடுத்துக்கொண்டார். டீ குடிக்காமலே கிளம்பினார். கார் காலியாகத்தான் போனது. ஆனால் சரி என்றும் சொல்லவில்லை.

மனைவி ராத்திரிவரை என்னோடு பேசவில்லை. பேசியது ஒரே வரி. "விழுந்தது நெசம்னு தெரியலன்னா விட்டுடலாம். எட்டு நாளா எங்கிட்ட மறைச்சீங்களே."

ஜூலை 2, செவ்வாய்

மச்சானிடமிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. அலுவலகப் படிவத்திலேயே அடித்திருக்கிறார். "பரிசோதித்த இடம்: ஹால்." பதினோரு பரிந்துரைகள். தரையில் எந்த உறையும் கிடக்கக் கூடாது. கால்மிதி அகற்றப்பட வேண்டும். குளியலறையில் கைப்பிடி, தானே வந்து பொருத்துவாராம். ஒன்பதாவது: "மரணங்கள் அனைத்தும் மெத்தையின் மீது மட்டுமே நிகழ வேண்டும்." பத்தாவது: "'நிஜம்' என்ற சொல் கூறப்பட்டால் ஆட்டம் உடனே நிறுத்தப்பட வேண்டும், மார்க் குறைக்கக் கூடாது."

அத்தை மூன்று தடவை வாசித்தார். "நல்லா அடிச்சிருக்கான். ஓரம் விட்டது மட்டும் பத்தல."

மனைவி தாளை வாங்கிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மெத்தையை நீங்கதான் தூக்கிப் போடணும், சொல்லிட்டேன்." அப்பாடா! பேசிவிட்டாள்.

ஜூலை 11, வியாழன்

அத்தையின் பென்ஷன் வங்கிக்குப் போனோம். அவர் வலது கை கட்டில் இருப்பதால் படிவத்தை நான்தான் நிரப்பினேன். பெயர், பிறந்த தேதி, பென்ஷன் எண் எல்லாம் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமாக, கமா புள்ளியோடு சொல்லிக்கொண்டே வந்தார்.

"நிரந்தர முகவரி" என்று வாசித்தேன்.

எங்கள் வீட்டு எண்ணைச் சொன்னார். தெருவைச் சொன்னார். நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தற்காலிக முகவரின்னு ஒரு கட்டம் இருக்கு அத்தை. அதுல என்ன போட?"

"அதுல ஒரு கோடு போட்டுடுங்க மாப்பிள்ளை."

போட்டேன். கோணலாகத்தான் வந்தது.