கிற்றார் இல்லாத கை

20.01.2025, திங்கள்

ஒஸ்லோவில், எங்கள் ஹவுகெட்டோ முழுக்கப் பனி. என் மனிசன் சோதிலிங்கம் செத்து இன்னும் இரண்டு கிழமை ஆகவில்லை. அவருடைய அண்ணன், குணசிங்கம் பெரியத்தான், லோறென்ஸ்கூக்கிலிருந்து வந்தார். முப்பத்தோராம் நாளில் சனத்துக்குக் கொடுக்கிற நினைவு மலருக்கு எழுதியதை வாசித்துக் காட்டினார். சிறந்த இறைபக்தர். இசைப்பிரியர். பள்ளிக்கூட உத்தியோகத்தர்.

என் மனிசன் கோயிலுக்குப் போனது வடைக்கு. பள்ளிக்கூடத்தில் அவர் வாக்த்மெஸ்தர்: பல்ப் மாற்றுவதும் படியில் பனி வழிப்பதும். அதைச் சொல்ல அவர் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. இசைப்பிரியராம். ரேடியோ கேட்கிற எல்லாரும் இசைப்பிரியர்தான். க்ரூனெர்லொக்கா பாரில் முப்பது வருஷம் வெள்ளிக்கிழமை தோறும் கிற்றாரில் ப்ளூஸ் வாசித்த ஆள் எங்கே என்று கேட்டேன்.

“பாரிலை வாசிச்சவன் எண்டு அச்சடிச்சுக் குடுக்கவோ, பாமா? நாளைக்குக் கிருசாந்திக்குச் சம்பந்தம் பேச வேண்டாமோ?”

மகள் குசினிக்குள் இருந்தே சொன்னாள்: “என்னைப் பாக்க வாறவர் முதல்ல அப்பா வாசிச்சதைக் கேக்கட்டும், பெரியப்பா.”

கிற்றார்க் கலைஞர் என்று எழுதுங்கள் என்றேன். “பாப்பம்” என்றார். அவருடைய ‘பாப்பம்’ என்றால் இல்லை என்று அர்த்தம்.

22.01

மலர் அட்டைக்குப் பெரியத்தான் படம் கேட்டார். மேடையில் கண்ணை மூடிக்கொண்டு கிற்றாரோடு நிற்கிற படத்தை அனுப்பினேன். வேறு படங்களும் இருக்கின்றன. கொடுக்க மாட்டேன்.

25.01, சனி

நோர்வேக்காரன் தூரே வந்தான். சோதியோடு ட்ரம்ஸ் அடித்தவன். சப்பாத்தைக் கழற்றவும் இல்லை, வாசலிலேயே நின்று அழுதான்.

சோதி மூன்றாம் கம்பியை மேலே தள்ளுவார். சுரத்துக்குக் கிட்டப் போவார், தொட மாட்டார், அப்படியே இறங்கி வருவார். அந்த இழுவையை இப்போது ஒஸ்லோவில் வாசிக்கிற இளசுகள் அவர் பெயராலேயே ‘சோட்டி’ என்றுதான் சொல்கிறார்களாம். அவரைப் பார்த்தேயிராதவர்கள் கூட.

இதை எந்த மலரில் போடுவார்கள்?

03.02

யாழ்ப்பாணத்தில் அச்சடித்த மலர்கள் பெட்டியோடு வந்து இறங்கின. ஒன்றை எடுத்து அட்டையைப் பார்த்தேன்.

கிற்றாரை அழித்துவிட்டார்கள். செத்தவர்கள் எல்லாருக்கும் ஸ்ரூடியோக்காரர் போட்டுவிடுகிற அதே நீலக் கோட்டு, அதே ரை. ஆனால் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை போல. இடது கை அந்தரத்தில் வளைந்து நிற்கிறது, கிளாஸைப் பிடித்த மாதிரி. பாரில் கோப்பி மட்டும் குடித்த மனிசன். பாரை மறைக்கப் போய் அவர் கையில் சாராயத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

கிருசாந்தி பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

04.02

பெரியத்தான் போன் எடுத்தார்.

“பாத்தியோ?”

“பாத்தன். உங்கட தம்பி கையிலை என்ன வச்சிருக்கிறார், சொல்லுங்கோ.”

“அவங்கள் கொஞ்சம் பிழை விட்டிட்டாங்கள்.”

“பிழை விட்டது அவங்கள் இல்லை.”

இந்த மலர் முப்பத்தோராம் நாள் மண்டபத்துக்குள் வராது என்றேன். தூரேயும் சோதியோடு வாசித்த மற்ற ஆட்களும் வந்து வாசிப்பார்கள் என்றும் சொன்னேன்.

“தேவாரம் படிக்கிற இடத்திலை அந்தக் குடிகாரக் கூட்டமோ? அப்ப நான் வரமாட்டன்.”

“வராட்டி விடுங்கோ.”

போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். அவர் வராவிட்டால் பாதிச் சனம் வராது. வரட்டும், வராமல் போகட்டும். ஏன் நான் பயப்பட வேணும்? நானென்ன களவோ எடுத்தனான்?

06.02

பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மாற மாட்டேன்.

08.02, சனி

எல்லிங்ஸ்ருட் மண்டபம். கிற்றாரோடு இருக்கிற படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டேன். மலர்ப் பெட்டி காரிலேயே கிடந்தது.

தேவாரம் முடிந்ததும் எழும்பினேன். எழுதி வைத்தது எல்லாம் மறந்து போயிற்று. “என்ர மனிசன் ப்ளூஸ் வாசிச்சவர். பாரிலை வாசிச்சவர். அதை நல்லா வாசிச்சவர்” என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிட்டேன்.

தூரே ஆட்கள் காலுறையோடு வந்து பாயில் இருந்தார்கள். முழங்கால் மடிய மாட்டேன் என்றது, பாவங்கள். சோதியிடம் கிற்றார் வாசிக்கப் பழகிய இங்க்ரிட் அவருடைய கிற்றாரை மடியில் எடுத்தாள். அந்த இழுவை வந்தபோது கிருசாந்தி என் சீலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முன்வரிசையில் நாலைந்து பேர் எழும்பிப் போனார்கள். போகட்டும்.

திரும்பிப் பார்த்தால், கடைசியில், ஜக்கெட் மாட்டுகிற இடத்தில் பெரியத்தான். எப்போது வந்தாரோ தெரியாது. முடியும்வரை நின்றார். என்னோடு கதைக்கவில்லை, சாப்பிடவுமில்லை.

09.02

தம்பியின் முப்பத்தோராம் நாளில் ஒரு வாய் சாப்பிடாமல் போவதென்றால், உறவு அறுந்தது என்றுதான் சனம் சொல்லும். சொல்லட்டும். நான் போய்க் கெஞ்ச மாட்டேன். ஆனால் நெஞ்சு வலிக்கிறது, அதையும் எழுதத்தான் வேணும்.

22.02

ஒருவரும் போன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

12.03, புதன்

பின்னேரம் பெரியத்தான் போன் எடுத்தார். சுகம் விசாரித்தார். பனியைப் பற்றிக் கதைத்தார். ரயில் பிந்தி ஓடுவதைப் பற்றியும் கதைத்தார். நான் ஓம், ஓம் என்றேன்.

“வெள்ளிக்கிழமை எத்தினை மணிக்குத் தொடங்கும்?”

“எது?”

“அதுதான்... தம்பியின்ர ஆக்கள் வாசிக்கிறது.”

“இப்பவும் அதே பாரிலைதான், எட்டு மணிக்கு. முன் மேசை என்ர. நீங்கள் பின்னாலைதான் இருக்க வேணும்.”

“சரி” என்றார்.