இருபது நிமிடம்

மார்ச் 4

அன்புள்ள சின்னுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று ரயில் நாலு மணி நேரம் தாமதம். மற்றபடி பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். போனில் பேசினால் நீ அழுவாய், நான் அழுவேன், கேட்க நினைத்தது கேட்காமலே போய்விடும். அதனால்தான் கடிதம்.

குழந்தை மொட்டு நம்மை விட்டுப் போய் இன்றோடு பதினாறு நாள். தொட்டிலைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார் உன் அண்ணன். போடச் சொல்லி நான் சொல்லவில்லை, போடட்டுமா என்று அவரும் கேட்கவில்லை. காலையில் பள்ளிக்கூடம் போகிறார், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார், வருகிறார். சாப்பிட்டீர்களா என்றால் சாப்பிட்டேன் என்கிறார். எங்கே என்றுதான் தெரியவில்லை.

மாடி வீட்டம்மா தினமும் ஆறுதல் சொல்ல வருகிறாள். வந்ததும் அவளே விசும்ப ஆரம்பித்துவிடுவாள். நான்தான் தண்ணீர் கொடுத்துத் தேற்றி அனுப்புகிறேன். உனக்குச் சிரிப்பு வரும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நீ எடுத்துக்கொண்டாயே, அவள் தொடையிலிருந்து ஒரு மிளகளவு சதை, அது எங்கே இருக்கிறது? அதை வைத்து என்ன பார்ப்பார்கள்? அவளில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். பத்திரமாகப் பார்த்துக்கொள்.

இன்னொரு குழந்தை பற்றிப் பேச்சே வேண்டாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டோம். உன் அம்மா கேட்டால் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

உன் அண்ணி

*

மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

மாடி வீட்டம்மாவைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரித்ததற்காக அழுதேன்.

மொட்டு பத்திரமாக இருக்கிறாள். அப்படித்தான் எனக்குச் சொல்ல வருகிறது. எங்கள் ஆய்வுக்கூடத்தின் கடைசி அறையில் ஆள் உயரத்துக்கு ஒரு உறைபெட்டி இருக்கிறது. வீட்டு ஃப்ரிட்ஜெல்லாம் அதற்குப் பக்கத்தில் அடுப்பு மாதிரி. அதில் மூன்றாவது தட்டில் இருக்கிறாள். காலையில் வந்ததும் கையுறை மாட்டுவதற்கு முன்னாலேயே அதன் குளிர்மானி முள்ளைப் பார்த்துவிடுகிறேன்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் சாப்பாட்டை எரித்துச் சக்தி உண்டாக்குகிறது அல்லவா, மொட்டுவின் உடம்பில் அந்த அடுப்பே சரியாக எரியவில்லை என்றுதான் டாக்டர்கள் சந்தேகப்பட்டார்கள். சதையைத் திரவ நைட்ரஜனில் முக்கினால் அந்த நொடியில் செல் என்ன செய்துகொண்டிருந்ததோ அப்படியே நின்றுவிடும். பல மாதம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் தெரியும். இப்படி நூற்றுக்கணக்கான பேருடையது சேர்ந்ததும் மொத்தமாகச் சோதிப்பார்கள்.

சோதனை முடிவு என்று ஏதாவது காகிதம் வந்தால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள் அண்ணி. அதெல்லாம் ஆராய்ச்சிக்கு. வீட்டுக்கு அல்ல.

அண்ணனை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சின்னு

*

ஆகஸ்ட் 22

அன்புள்ள சின்னுவுக்கு,

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

ஜூன் மாதம் நாள் தள்ளிப்போனது. நாங்கள் வேண்டும் என்று நினைக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. உன் அண்ணன் பரணில் ஏறித் தொட்டிலைத் தூசி தட்டிவிட்டு, ஏதோ பழைய புத்தகம் தேடினேன் என்றார். உனக்குச் சொன்னால் நீயும் ஆசைப்படுவாய், மூன்று மாதம் கழியட்டும் என்றிருந்தேன்.

அதற்குள் உங்கள் இடத்திலிருந்து இங்குள்ள டாக்டரம்மாவுக்குக் காகிதம் வந்துவிட்டது. கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்கள். "சதையில அந்தச் சக்தி ரொம்பக் குறைவா இருக்கும்மா. இது பரம்பரையா வர்றது. ரெண்டு பேர்கிட்டயும் பாதிப் பாதி இருந்திருக்கு. அடுத்ததுக்கும் வர நாலுல ஒரு வாய்ப்பு."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். உன் அண்ணன் சொன்னார்: "நாலுல மூணு நல்லதுதானேன்னு பசங்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன். இப்ப எனக்கு அந்த ஒண்ணுதான் தெரியுது. இன்னொரு தடவை பக்கத்துல உக்காந்து மூச்சை எண்ண என்னால ஆகாது."

என்னாலும் ஆகாது. போன செவ்வாய்க்கிழமை கலைத்துவிட்டோம். உடம்பு தேறி வருகிறது, பயப்படாதே. ஒரு வகையில் அந்த மிளகளவு சதைதான் எங்களைக் காப்பாற்றியது என்று நினைத்துக்கொள்கிறேன். நீ அன்று அதை எடுத்து வைக்காவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்றைப் பெற்றிருப்போமே.

அதற்காக உனக்கு நன்றி சொல்லத்தான் எழுதினேன்.

உன் அண்ணி

*

செப்டம்பர் 1

அண்ணி,

ஒரு வாரமாக எழுதிக் கிழித்துப் போட்டு இது நாலாவது. சொல்லாமலே இருந்துவிடலாமா என்றும் நினைத்தேன். சொல்லாவிட்டால், அந்தக் காகிதத்தை நம்பி நீங்கள் இரண்டு பேரும் காலம் முழுக்கத் தனியாகவே இருந்துவிடுவீர்கள்.

மூச்சு நின்ற பிறகும் செல் கொஞ்ச நேரம் எரிந்துகொண்டுதான் இருக்கும். இருப்பதைத் தின்று தீர்த்துத் தானாகவே தளர்ந்துவிடும். அதனால் அரை மணிக்குள் உறையவைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. தாண்டினால் ஒதுக்கிவிட வேண்டும்.

அன்று மதியம் நான் தட்டும் கத்தியுமாக வாசலில் நின்றேன். நீங்கள் அவளை மடியில் வைத்திருந்தீர்கள். "இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிக்கட்டுமா சின்னு?" என்று கேட்டீர்கள். "வெச்சிக்குங்க அண்ணி" என்றேன். திரும்பத் திரும்ப மூன்று முறை கேட்டீர்கள். மூன்று முறையும் அதையேதான் சொன்னேன். நான் அவளை வாங்கியபோது ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

சதையோடு வைக்கும் சீட்டில் இருபது நிமிடம் என்று எழுதினேன்.

உண்மையை எழுதினால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அவளைத் தூக்கிப் போடுவது போல இருந்தது. நூற்றுக்கணக்கான எண்களில் இது ஒன்று, யாருக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன். மார்ச்சில் எழுதியபோதே சொல்லியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை. வேதவாக்கு இல்லை என்று ஒரு வரி எழுதி அதோடு தப்பித்துக்கொண்டேன்.

அந்தச் சதையில் சக்தி குறைந்தது நோயாலா, தாமதத்தாலா என்று அதை வைத்து இனி யாராலும் சொல்ல முடியாது. நாலில் ஒன்று என்பதற்கு ஆதாரமே இல்லை. அடுத்த குழந்தைக்கு அந்த நோய் வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம்.

எங்கள் தலைமை மேடத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. "பதினொரு வருஷமா எத்தனை சீட்டு எழுதியிருக்கே? அதுல எத்தனை இப்படி?" என்று மட்டும் கேட்டார். இது ஒன்றுதான் என்றேன். "அதை நான் எப்படி நம்பறது?" என்றார். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு வழி இருக்கிறது. நீங்களும் அண்ணனும் ரத்தம் கொடுத்தால் ஜீனைப் பார்த்துச் சொல்வார்கள். அது இப்படி நேரத்தால் கெடுவதில்லை. எங்கள் இடம் வேண்டாம், வேறு இடத்தில் கொடுங்கள். டாக்டரம்மாவுக்கும் எழுதிவிட்டேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை.

சின்னு

*

செப்டம்பர் 24

சின்னுவுக்கு,

கடிதம் வந்தது. இரண்டு நாள் நானே வைத்திருந்துவிட்டு, பிறகு உன் அண்ணனிடம் கொடுத்தேன். படித்தார். "அவ நமக்காகத்தானே செஞ்சா" என்றார். பிறகு முகம் கழுவப் போனார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த ஒன்றே முக்கால் மணி நேரமும் அவள் உள்ளங்கால் என் கைக்குள் இருந்தது. முதலில் வெதுவெதுப்பாக இருந்தது. எந்த நிமிடம் ஆறியது என்று எனக்குத் தெரியும். அதை நீ எனக்குத் தந்தாய். நாளைக்கே யாராவது கேட்டாலும் அந்த நேரத்தைத் திருப்பித் தர மாட்டேன்.

ஆனால் நீ எழுதிய எண்ணை நம்பித்தானே நான் போய் அந்த மேசையில் படுத்தேன். நான் கேட்டுத்தானே நேரம் போனது, அப்படியானால் இது என் தவறா என்று விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இதே யோசனை. இந்தப் பழியில் எனக்கும் ஒரு பங்கு வைத்துவிட்டாயே.

பத்தாம் தேதி இரண்டு பேரும் போய் ரத்தம் கொடுத்தோம். முடிவு வர இன்னும் ஒன்றிரண்டு மாதம் ஆகுமாம். கெட்டதாக வந்தால் தாங்கிக்கொள்வேன். நல்லதாக வந்துவிடுமோ என்றுதான் எனக்குப் பயம். அப்படி வந்தால் போன மாதம் நான் என்ன செய்தேன்? உன் அண்ணனிடம் இதைக் கேட்க முடியாது. அவர் ராத்தூக்கத்தில்கூடக் கணக்குப் போடுகிறவர்.

உன் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. கல்யாணமாகி நான் இந்தக் குடும்பத்துக்கு வந்தபோது என்னிடம் முதலில் சிரித்தவள் நீ. அது அப்படியேதான் இருக்கிறது. வேலை போய்விட்டால் இங்கே வா என்று உன் அண்ணன் சொல்கிறார். வா. சோறு போடுவேன், படுக்க இடம் இருக்கிறது.

ஆனால் எனக்குக் கடிதம் எழுதாதே. உன் கையெழுத்து அச்சு மாதிரி அத்தனை அழகு, எதை எழுதினாலும் உண்மை போலவே இருக்கிறது. உறையின் மேல் அந்த எழுத்தைப் பார்த்தால் இனி என்னால் பிரிக்க முடியாது. எழுத வேண்டியது இருந்தால் அவருக்கு எழுது. எனக்குச் சொல்ல வேண்டியதை அவர் சொல்வார்.

மொட்டுவின் அம்மா