முதல் இரண்டு வரி

பிப்ரவரி 3

இன்று மச்சான் என்னைப் புதிதாகப் படம் எடுத்தான். ஜன்னல் பக்கம் நிற்க வைத்து, "அத்தான், சிரிங்க. ஆனா ரொம்ப சிரிக்காதீங்க. வேலை தேடுறவர் மாதிரி தெரியக்கூடாது" என்றான். வேலை தேடுகிறவன் வேறெப்படித் தெரிவான்?

பத்தொன்பது வருடம் அட்டைப்பெட்டி வடிவமைத்தேன். முட்டைக்கு, பல்புக்கு, கழிவறைத் தொட்டிக்கு. கம்பெனியை மூடிவிட்டார்கள். இனி பெட்டி முக்கியமில்லை, பெட்டிமேல் ஒட்டின பெயர்தான் முக்கியம் என்கிறான் மச்சான். வேலை பார்ப்பவர்கள் கூடும் அந்த இணையதளத்தில் எனக்கென்று ஒரு பெயர் வரவேண்டுமாம். என் பக்கத்தில் "பாதுகாப்பின் சிற்பி" என்று எழுதி வைத்திருக்கிறான். மனைவி வாசித்துவிட்டு, "வாட்ச்மேன் வேலைக்கா போறீங்க?" என்றாள்.

பிப்ரவரி 9

மச்சான் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். ஒருவர் பதிவு போட்டால் மற்றவர்கள் உடனே போய்ப் பாராட்ட வேண்டும். உடனே போனால்தான் தளம் அதை ஊருக்குக் காட்டும். இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு.

"பாதி காலியான பெட்டி பணத்தை விழுங்கும்" என்று எழுதினேன். எல்லோரும் "ஆழமான பார்வை" என்றார்கள். ஒரு பெண் மட்டும் கேள்வி கேட்டார்: "பெட்டி சின்னதானா லாரில எத்தன கூடுதலா ஏத்தலாம் சார்?" ஏதோ கம்பெனியில் லாரிகளை அனுப்பும் பிரிவுக்கு மேலாளராம். நேரில் பார்த்ததில்லை. மனதுக்குள் அவருக்கு நான் வைத்த பெயர் லாரி மேடம்.

பிப்ரவரி 17

பார்வைகள் நாலாயிரம். வேலை பூஜ்யம்.

பிப்ரவரி 26

பெரிய பெட்டித் தொழிற்சாலை ஒன்றிலிருந்து அழைத்தார்கள். அடுத்த மாதம் நேர்காணல். என் பதிவுகளைப் பார்த்தார்களாம். மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும் சந்தோஷம்தான், ஒளிப்பானேன்? இது கிடைத்தால் மனைவி பல் ஆஸ்பத்திரியில் இரட்டை ஷிப்ட் பார்ப்பதை விட்டுவிடலாம்.

மார்ச் 2

என்ன காரியம் செய்துவிட்டேன்.

காலையில் பஸ்ஸில் நின்றபடியே குழு வேலையை முடித்தேன். லாரி மேடத்தின் பதிவு. தளம் முதல் இரண்டு வரியைத்தான் காட்டும். மீதி வேண்டுமென்றால் 'மேலும்' என்ற இடத்தைத் தொட வேண்டும். நான் தொடுவதில்லை. குழுவில் யார்தான் தொடுகிறார்கள்?

"இருபத்திரண்டு ஆண்டு வேலையை இன்று விட்டேன். நாளை முதல் வேறொரு வாழ்க்கை." தெரிந்தது இவ்வளவுதான். "அற்புதம்! இந்த நாளுக்காகத்தானே காத்திருந்தீர்கள்! சிறகை விரியுங்கள்!" என்று எழுதினேன். நான்தான் முதல் ஆள். பின்னால் வந்தவர்கள் என்னைப் பார்த்து எழுதினார்கள். வானம், உயரம், கைதட்டல்.

மத்தியானம்தான் மீதியைப் படித்தேன். அவர் கணவருக்குப் பக்கவாதம். வலது கை, கால் வரவில்லை, பேச்சு குழறுகிறது, பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை.

சிறகை விரிக்கச் சொல்லியிருக்கேனே, நான் மனுஷனா? ஒரு விரல்... ஒரு விரலால தொட்டிருந்தா போதுமே.

மார்ச் 3

எழுதியதை அழித்தேன். அதற்குள் யாரோ படம் பிடித்துப் பரப்பிவிட்டார்கள். பெயர் வேண்டும் என்றேன், வந்துவிட்டது: 'சிறகு மாமா'.

மச்சான் ஓடி வந்தான். "அத்தான், இது அதிர்ஷ்டம்! 'என் தவறு கற்றுத்தந்த ஐந்து பாடங்கள்'னு எழுதுங்க. இன்டர்வியூக்கு முன்னாடி ஊரே உங்களப் பத்திப் பேசும்."

எழுதினேன். நன்றாகவே வந்திருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது. நாலாவது பாடத்தில் எனக்கே கண் கலங்கியது. நாளை போட வேண்டும்.

மார்ச் 4

மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தம்மாவுக்கு போன் பண்ணீங்களா?"

"நம்பர் இருக்கு."

"நான் அதக் கேக்கல."

பண்ணினேன். முழுசா படிக்காம எழுதிட்டேன், மன்னிச்சிடுங்க மேடம் என்றேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"தெரியும் சார். யாரும் படிக்கலன்னு தெரியும்." பிறகு, "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். இதப் பத்தி இனிமே எதுவும் எழுதிடாதீங்க. மன்னிப்புகூட வேணாம். அவரு நாள் பூரா போனப் பாத்துட்டுதான் படுத்திருக்காரு. கைதான் வரல, கண்ணு நல்லாத் தெரியுது. எல்லாத்தையும் வாசிக்கிறாரு."

எழுத மாட்டேன் என்றேன். ஐந்து பாடங்களையும் அழித்தேன். "கைக்கு எட்டினத வாய்க்கு எட்டாமப் பண்ணிட்டீங்களே அத்தான்" என்று மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டான்.

மார்ச் 8

மச்சான் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டான். மத்தியானம் வழக்கம்போலச் சாப்பிட வந்தான். இரண்டாம் முறையும் சோறு கேட்டான்.

மார்ச் 19

நேர்காணல். நீள மேசை, எதிரே மூன்று பேர். நடுவில் இருந்தவர் கணினியில் என் பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தார். "இந்தச் சிறகு மேட்டர் நீங்கதானே? அப்புறம் என்ன ஆச்சு? சும்மா சொல்லுங்க, சுவாரசியமா இருக்குமே." மூவரும் சிரித்தார்கள்.

சொல்லியிருக்கலாம். எழுத மாட்டேன் என்றுதானே வாக்குக் கொடுத்தேன்? போன் செய்ததை, ஐந்து பாடங்களை அழித்ததைச் சொன்னால் அவர்களுக்கு என்னைப் பிடித்துப்போகும் என்று முகத்திலேயே தெரிந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஆமா சார், நான்தான். மத்ததெல்லாம் அவங்க வீட்டு விஷயம்" என்றேன்.

சிரிப்பு நின்றது. பிறகு பெட்டிகளை எவ்வளவு உயரம் அடுக்கலாம் என்று கேட்டார்கள். அது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் அவர்களுக்கு ஆர்வம் போய்விட்டது.

மார்ச் 28

அந்த வேலை வேறொருவருக்கு. சோதனைக் கூடத்தில், மாதிரிப் பெட்டிகளைக் கீழே போட்டு உடைக்கும் இடத்தில், தற்காலிகமாக வருகிறீர்களா என்றார்கள். சம்பளம் பாதி. வருகிறேன் என்றேன். வருத்தமாக இருக்கிறது. "இன்னும் கொஞ்ச நாள் நான் ரெண்டு ஷிப்ட் பாக்கறேன், விடுங்க" என்றாள் மனைவி.

ஏப்ரல் 15

மாலையில் லாரி மேடம் அழைத்தார். பயந்துகொண்டுதான் எடுத்தேன்.

"அண்ணே, அவரு உங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம். உங்க பெட்டிப் பதிவு மொத்தத்தையும் படிச்சு முடிச்சிட்டாரு. அவசர வேலை இல்லன்னா பேசறீங்களா?"

கொடுங்க என்றேன். முதலில் மூச்சுதான் கேட்டது. பிறகு "பெட்டிய..." என்றார். நின்றுவிட்டார். மீதியை நானே ஊகித்து நிரப்ப வாய் துறுதுறுத்தது. பேசாமல் இருந்தேன். "தல... கீழா..." என்றார். போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். மனைவி விளக்கைப் போட்டுவிட்டுப் போனாள்.

பெட்டியைத் தலைகீழாகப் போட்டால் எந்த மூலை முதலில் உடையும்? கடைசியில் முழுசாக வந்து சேர்ந்த கேள்வி இதுதான். சோதனைக் கூடத்தில் நாங்கள் எப்போதும் கீழ் மூலையைத்தான் சோதிப்போம். இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை.

"தெரியல சார்" என்றேன். "நாளைக்குப் போட்டுப் பாத்துட்டு சொல்றேன்."